கையறு நிலையும் கைகொடுத்த கலையும்

தமிழிலே 'கை' என்னும் ஓரெழுத்துச் சொல் தாங்கி நிற்கும் பொருள் சிறிதன்று. உறுப்பை உணர்த்துவதோடு ஒழுக்கத்தையும் அஃது உணர்த்தும். வினை முடிந்தால் கைகூடிற்று என்கிறோம். துணைசெய்தலைக் கைகொடுத்தல் என்கிறோம். துறத்தலைக் கைவிடுதல் என்கிறோம். புரவலனை இழந்தோர் செயலற்றுப் புலம்பும் துறைக்குக் கையறுநிலை என்று நம் இலக்கண நூலார் பெயரிட்டனர். மாணவர்க்கு இத்துறையை விளக்கும்போதெல்லாம், சல்லிக் கடற்கரையிலே நான் கண்ட மீனவர் ஒருவரின் கைகள் என் மனக்கண்முன் தோன்றும்.

திருகோணமலை நகருக்கு வடக்கே, முத்துமாரியம்மன் கோயில் கொண்டிருக்கும் கடலோர ஊர் சல்லி. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், அங்கே கரைவலை இழுப்பவருள் ஒருவரைத் தொழுநோய் பற்றியது. மருந்துண்டு நோய் நீங்கப் பெற்றார். ஆயினும் மடங்கிய விரல்கள் மடங்கியவாறே நின்றன. வலைக்கயிற்றிலே குருதி படிந்திருக்கக் கண்ட பின்னரே தம் உள்ளங்கை கிழிந்ததை அவர் அறிவார். கயிற்றில் அவருக்கிருந்த இடம் போயிற்று. கருவாடு சுமந்து விற்கலானார். ஒருநாள் அவரிடம் கருவாடு வாங்கிய நான், காசை அவர் கையிற் கொடாது கூடையின் விளிம்பில் வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து எடுத்துக்கொண்டார். தமிழ் கற்பிக்க வந்தவன் செய்த காரியம் அது!

இந்நோயைப் பிறவிக் குறையென எண்ணியோர் நாம் மட்டுமல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோர்வே நாட்டின் மேற்குக் கரையிலே, உழவரும் மீனவருமாகிய எளிய மக்களிடையே தொழுநோய் மிகுந்திருந்தது. அது பரம்பரையாக வருவதென்றே அந்நாட்டின் பெரும் வைத்தியராகிய டானியல்சென் கருதினார். எனினும் 1856ஆம் ஆண்டு அங்கே நோயாளர் அனைவரையும் ஊர்வாரியாகப் பதியும் ஏடு ஒன்று தொடங்கப்பெற்றது. ஒரு நோய் பற்றி நாடு முழுவதற்கும் எழுந்த முதற் பதிவேடு அதுவே என்பர். அதனை ஆராய்ந்தும், நுண்ணோக்கியில் உழைத்தும், டானியல்செனின் மருமகனாகிய ஆர்மவர் ஹன்சன் 1873இல் நோய்க்கிருமியைக் கண்டார். மாமனார் கொள்கை மருமகனால் வீழ்ந்தது.

அதே ஹன்சன், ஒரு பெண்ணின் இசைவு பெறாமலே அவள் கண்ணில் நோய்ப்பொருளை ஏற்றிச் சோதித்தமைக்காக 1880இல் நீதிமன்றத் தீர்ப்பினால் வைத்தியசாலைப் பதவியை இழந்தார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. நோயை ஆராய்பவன் நோயாளியை மறத்தல் தகாது.

பேர்கன் நகரின் பழைய தொழுநோய் வைத்தியசாலையில் எஞ்சியிருந்த இருவர் 1946இல் இறந்தனர். அங்கே அவ்வரலாறு முடிந்த அதே ஆண்டில், தமிழகத்து வேலூரில் வேறொரு வரலாறு தொடங்கியது. வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையிலே 1914இல் பிறந்த ஆங்கிலேயர் போல் பிராண்டு, அறுவை வைத்தியராக அங்கே வந்து சேர்ந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் அழுகி வீழ்கின்றன என்பது அக்காலத்தார் எண்ணம். பிராண்டு கூர்ந்து நோக்கினார். நோய் நரம்பைக் கெடுக்கின்றது. நரம்பு கெட்டபின் நோவு தெரிவதில்லை. நோவு அறியாதவன் கொதிகலத்தைப் பற்றுகிறான், முள்ளை மிதிக்கிறான். புண் முற்றி விரல் குறைகின்றது. நாம் வெறுக்கும் நோவு உடலைக் காக்கும் காவலன் என்பது இதனாற் பெறப்படும்.

மடங்கிய விரல்களை நிமிர்த்த, கெடாத தசையின் நாணை எடுத்து விரலோடு பிணைக்கும் முறையை அவர் கையாண்டார். அத்துடன் வேலை முடியவில்லை. பழைய தசைக்குப் புதிய தொழிலைப் பழக்க வேண்டும்; நாள்தோறும் பயிற்சி வேண்டும். விரல் நிமிர்ந்து ஊர் திரும்பியவருள் ஒருவர் மீண்டும் வந்து முறையிட்டாராம்: விகாரமான கைக்கு இரந்தோர் பிச்சை கிடைத்தது; திருத்திய கைக்கு அதுவுமில்லை, வேலை தருவாரும் இல்லை! இதன் பின்னரே நோய் தீர்ந்தோர் தங்கித் தச்சுவேலை முதலியன பயிலும் புதுவாழ்வு நிலையம் வேலூரில் எழுந்தது. உணர்வற்ற கைக்குக் கருவியின் பிடியைத் தடிப்பாக்குதல், வேலை முடிந்ததும் கையைக் கண்ணாற் பார்த்துச் சோதித்தல் ஆகியவை இத்தகைய பயிற்சியின் பாடங்கள். தொழில்வழிச் சிகிச்சை என்பது இதுவே.

அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் இளம் பெண் வைத்தியர் 1954இல் வாகன விபத்தில் இடுப்பின்கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்று மீண்டார். 1966இல் வேலூரில் அதற்கெனத் தனி நிலையம் திறக்கப்பெற்றது. தம் கையறுநிலையைப் பிறர்க்குக் கைகொடுக்கும் நிலையாக மாற்றிய வாழ்வு அவருடையது.

நம் நாட்டிலோ, ஒல்லாந்தர் கட்டிய ஹேந்தலை வைத்தியசாலையும் மட்டக்களப்பு வாவியின் மாந்தீவும் ஒதுக்கிவைத்த காலத்தின் சின்னங்கள். இன்று ஒதுக்க வேண்டுவதில்லை. கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கின்றது. ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் சிகிச்சை நிறைவுறும். மருந்து தொடங்கிய சின்னாளிலே தொற்றும் ஒழியும். இருந்தும் ஆண்டுதோறும் புதிய நோயாளர் காணப்படுகின்றனர். அவருட் சிறுவரும் உளர். மாணவன் மேனியில் நிறம் வெளிறி உணர்வற்ற தேமல் கண்டால், வைத்தியரிடம் அனுப்புதல் ஆசிரியர் கடன். காலந்தாழ்த்தாது காணின் விரல் மடங்காது.

அம்மீனவர் இன்றில்லை. ஒழுங்கான பயிற்சியும் தடித்த துணி சுற்றிய ஒரு கயிறும் கிடைத்திருப்பின் அவர் கரைவலையை விட்டிருக்க வேண்டியதில்லை என்பதை நான் பின்னாளிலே கற்றேன். மருந்து அவர் நோயைத் தீர்த்தது. எஞ்சியதைத் தீர்த்திருக்க வேண்டியவர்கள் நாங்கள். அந்தக் காசை அவர் கையிலேயே கொடுத்திருக்கலாம். கையறுநிலையைப் பாடஞ் சொல்லும்போது, இப்போது இதனையும் மாணவர்க்குச் சொல்லுகின்றேன்.