ஜெய்ப்பூரில் ஜொலிக்கும் மரகதம்

ஜெய்ப்பூருக்குச் செல்வோர் அரண்மனைகளைக் கண்ட கையோடு நுழையுமிடம் ஜோஹரி பஜார். மன்னர் சவாய் ஜெயசிங் 1727-ல் நிர்மாணித்த நகரின் நகைக்கடை வீதி அது. அதையொட்டிய 'கோபால்ஜி கா ராஸ்தா' என்ற தெருவில் ரத்தினக் கற்கள் காகிதப் பொட்டலங்களில் கைமாறுகின்றன. அவற்றுள் தலையாயது, வடநாட்டார் 'பன்னா' என்றழைக்கும் மரகதம்.

மரகதம் பெரில் என்னும் கனிமத்தின் ஒரு வகை. தூய பெரிலுக்கு நிறமில்லை. குரோமியமோ வனேடியமோ சிறிதளவு கலந்திருப்பதே அதைப் பச்சையாக்குகிறது. கடினத்தில் வைரத்துக்கு 10 என்றால் மரகதத்துக்கு ஏழரை முதல் எட்டு. எளிதில் கீறல் விழாது. ஆனால் உள்ளே மெல்லிய வெடிப்புகள் இருப்பதால், பலமாக அடிபட்டால் உடையும். இதனாலேயே நான்கு மூலைகளையும் மழித்து எண்கோணமாகப் பட்டை தீட்டுகிறார்கள்.

ராஜஸ்தானிலேயே 1940-களில் மரகதம் கிடைத்தது. ஆயினும் இன்று ஜெய்ப்பூரில் பட்டை தீட்டப்படும் கற்களில் பெரும்பகுதி ஜாம்பியா, பிரேசில் முதலிய நாடுகளிலிருந்து வருவதே. மொகலாயர் காலத்திலும், கொலம்பியாவில் ஸ்பானியர் எடுத்த கற்கள் கடல் கடந்து தில்லியை அடைந்தன. 'மொகல் மரகதம்' எனப்படும் சுமார் 218 காரட் கல்லில் ஒருபுறம் பிரார்த்தனை வாசகமும் ஹிஜ்ரி 1107 என்ற ஆண்டும், மறுபுறம் மலர்களும் செதுக்கப்பட்டுள்ளன. 2001-ல் அது லண்டனில் ஏலம் போயிற்று.

பட்டை தீட்ட உதவாத கல்லும் வீணாவதில்லை. மணியாக உருட்டி, முத்துடன் கோத்து மாலையாக்குகிறார்கள். இலை வடிவில் செதுக்குகிறார்கள். ஜெய்ப்பூரின் குந்தன் நகையில், மெல்லிய தங்கத் தகட்டைக் கல்லைச் சுற்றி அழுத்திப் பதிக்கிறார்கள். அதன் பின்புறத்தை மீனாகாரி என்னும் வண்ண வேலை அழகு செய்யும்.

வாங்குவோர் கவனத்துக்கு

மரகதத்தின் வெடிப்புகள் தெரியாதிருக்க எண்ணெய் ஏற்றுவது நெடுநாளைய வழக்கம். அதை மோசடி என்று சொல்வதற்கில்லை. மறைத்து விற்பதே மோசடி. கல்யாணத்துக்கு வாங்கிய மோதிரத்தை வீட்டில் வெந்நீரிலும் சோப்பிலும் ஊறவைத்தால் எண்ணெய் வெளியேறலாம். மறைந்திருந்த கோடுகள் தலைகாட்டும். கடையில் அதிர்வுக் கருவியில் போட்டுக் கழுவுவதும் ஆபத்து. ஈரத்துணியால் மெல்லத் துடைத்தாலே போதும்.

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது உள்ளே உருண்டைக் குமிழிகள் தெரிந்தால், அது கண்ணாடியாக இருக்கலாம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மரகதத்தைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். அதுவும் அதே பெரில்தான். ஆகவே விலை உயர்ந்த கல்லுக்குப் பரிசோதனைக்கூடச் சான்றிதழ் கேளுங்கள். இயற்கைக் கல்லா, எவ்வளவு எண்ணெய் ஏற்றப்பட்டது என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

சிறு குறையும் இல்லாத பெரிய மரகதம் மலிவு விலைக்கு வருகிறதென்றால், பணப்பையைத் திறக்குமுன் ஒருமுறை யோசிப்பது நல்லது.