மோருக்குப் பதில் ஒரு தட்டு சீஸ்

நமக்குச் சீஸ் என்றால் மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்குள் உருகிக் கிடக்கும் மஞ்சள் துண்டுதான். இரவுச் சாப்பாடு முடிந்தபிறகு அதைத் தனியாகத் தட்டில் வைத்து, கதை பேசியபடி நிதானமாகச் சாப்பிடுவார்கள் என்று பத்து பாகாட்டில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். என் தங்கை இரண்டு ஆண்டு பிரான்சில் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பும்வரை.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இது விளையாட்டு இல்லை. அவர்களுடைய விருந்து முறையை 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டின் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் பசியாறல் 2024இல் சேர்ந்ததே, அதே பட்டியல்தான். அந்த விருந்தில் இறைச்சியும் காய்கறியும் முடிந்த பிறகு, இனிப்புக்கு முன்னால், சீஸ் வந்தாக வேண்டும்.

"நாம மோர் ஊத்திச் சாப்பிட்டு முடிக்கிற மாதிரிதாண்ணே. பால் பொருள் கடைசியில வருது, அவ்வளவுதான்" என்றாள் தங்கை. எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. நம் பந்தியில் பாயசத்துக்குப் பிறகு மோர். அவர்கள் பந்தியில் சீஸுக்குப் பிறகு இனிப்பு. வரிசை மட்டும் தலைகீழ்.

ஒரு சனிக்கிழமை இரவு செய்து பார்த்தோம். கோழிக் குழம்பு, ரசம் எல்லாம் முடிந்து மேசையைத் துடைத்த பிறகு, கோலாலம்பூரிலிருந்து வாங்கி ஐஸ் பெட்டியில் கொண்டுவந்த மூன்று சீஸ்களைத் தங்கை மரப் பலகையில் அடுக்கினாள். வெண்ணெய்போல மெத்தென்ற பிரீ, நீலப் பூஞ்சணம் ஓடிய ஒன்று, கெட்டியான கோம்தே. விலையைச் சொன்னால் அம்மா திட்டுவார் என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா விலையைக் கேட்கவே இல்லை. "நம்ம தயிர் மாதிரி இதுக்கும் உறை ஊத்துவாங்களா? என்ன ஊத்துவாங்க?" என்று கேட்டார்.

தங்கை என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பதில் தெரியும். பாலைத் திரிய வைக்க ரென்னெட் என்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள். அதன் பழைய, இயல்பான மூலம், பால் குடிக்கும் கன்றுக்குட்டியின் வயிறு. கன்றை அறுத்த பிறகு எடுப்பது. கோம்தேயிலும் இத்தாலியின் அசல் பார்மிஜானோவிலும் வேறு ரென்னெட் சேர்க்க அவற்றின் தயாரிப்பு விதியே இடம் தராது. அம்மா பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சியைத் தொட்டதில்லை. தங்கை உண்மையைச் சொன்னாள். அம்மா கோபப்படவில்லை. தட்டை மெல்ல நகர்த்திவிட்டு, எழுந்து போய் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து உட்கார்ந்தார். எங்கள் மூவருக்கும் அந்தக் கோம்தே தொண்டையில் இறங்கவில்லை.

அன்று நான் கற்றுக்கொண்ட ஒன்றை நம் வீடுகளில் பலரும் கவனிப்பதில்லை. பொட்டலத்தில் ஜாக்கிமின் ஹலால் முத்திரை இருந்தால் நமக்கும் சரி என்று எடுத்துவிடுகிறோம். பன்றி சம்பந்தப்பட்டது இல்லை என்பதற்கு அது உறுதி. ஆனால் முறைப்படி அறுத்த கன்றின் ரென்னெட் ஹலால்தானே! மாட்டைத் தவிர்ப்பவருக்கு அந்த முத்திரை பதில் சொல்லாது. உட்பொருள் பட்டியலைத்தான் படிக்க வேண்டும். 'மைக்ரோபியல்' அல்லது 'வெஜிடேரியன்' ரென்னெட் என்று இருந்தால் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்தது இல்லை. வெறும் 'ரென்னெட்' என்று மட்டும் இருந்தால் எதுவாகவும் இருக்கலாம். பிரெஞ்சுப் பொட்டலத்தில் 'ப்ரெஸ்யூர்' என்று போட்டிருக்கும். இந்தியாவிலிருந்து வரும் பொட்டலம் என்றால் பச்சைப் புள்ளியைத் தேடலாம். பனீரைப் பற்றிக் கவலை வேண்டாம்; வழக்கமாக எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பால் திரிப்பதுதான்.

இரண்டாம் முறை பொட்டலத்தைப் படித்து வாங்கினோம். மைக்ரோபியல் ரென்னெட்டில் செய்த பிரீ ஒன்று, ஆட்டுப்பால் சீஸ் ஒன்று, செடார் ஒன்று. பிரெஞ்சு வீட்டில் செடாரை வைத்தால் முகம் சுளிப்பார்களோ என்னவோ. இது எங்கள் வீடு.

பரிமாறும் முறையில் தங்கை கண்டிப்பானவள். ஆளுக்கு மொத்தம் 40, 50 கிராம் போதும், சாப்பிட்ட வயிறு. குளிர்பெட்டியிலிருந்து நேராக எடுத்து வைத்தால் மணமே வராது. அங்கே ஒரு மணி நேரம் முன்பே வெளியில் எடுத்துவிடுவார்களாம். பத்து பாகாட் வெக்கையில் அப்படிச் செய்தால் பிரீயைக் கரண்டியால் அள்ள வேண்டியதுதான். இருபது நிமிடம் சரியாக இருந்தது. மென்மையான சுவையில் தொடங்கிக் காரமானதில் முடிக்க வேண்டும். முக்கோணத் துண்டின் கூர் முனையை வெட்டி எடுப்பது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. நடுவில் இருப்பதைத்தான் சிறந்த பகுதியாகக் கருதுகிறார்கள். அதை ஒருவரே எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு ஓரத் தோல்தான் மிஞ்சும். பக்கவாட்டில் நீளமாக வெட்டினால் எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும்.

ஒரு விதியை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை. சீஸ் தட்டு ஒரே ஒரு சுற்றுதான் வருமாம். இரண்டாம் முறை கேட்பது நாகரிகம் இல்லையாம். "இன்னும் கொஞ்சம் வச்சுக்க" என்று சொல்லாத வீட்டில் அம்மா சாப்பிடவே மாட்டார்.

அங்கே பலர் ஒயினோடு சாப்பிடுவார்கள். நாங்கள் பால் சேர்க்காத தேநீர் வைத்தோம். ரொட்டியோடு பழுத்த கொய்யாவும் அன்னாசியும் இருந்தன. பிரேசிலில் கொய்யா அல்வாவையும் சீஸையும் சேர்த்தே சாப்பிடுகிறார்கள் என்பதால் இது என் கண்டுபிடிப்பு என்று பெருமை பேச முடியாது. ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மனைவிக்குச் செடார் மட்டும். பிரீ போன்ற பூஞ்சணத் தோல் உள்ள மென் சீஸ்களிலும் நீலச் சீஸிலும் லிஸ்டீரியா கிருமி இருக்கக்கூடும் என்பதால் கர்ப்பிணிகள் அவற்றை அப்படியே சாப்பிடக் கூடாது.

அம்மா ஆட்டுப்பால் சீஸை முதலில் முகர்ந்தார். பிறகு நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். "புளிச்ச தயிரைத் துணியில கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு" என்றார். அது ஏறக்குறைய சரிதான். அந்தச் சீஸைப் பெரும்பாலும் புளிக்க வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். அடுப்படிக்குப் போய் எலுமிச்சை ஊறுகாயை எடுத்து வந்து ஓரத்தில் வைத்துக்கொண்டார். தங்கை வாயைத் திறக்குமுன் நான் அவள் காலை மிதித்தேன்.

மறுவாரம் அம்மா தானே கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி, ஒரு வடிகட்டியில் வைத்து, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் விட்டிருந்தார். காலையில் நீர் வடிந்து உருண்டையாக நின்றது. உப்பும் இடித்த மிளகும் தூவி, அன்றைய இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே மரப் பலகையில் கொண்டுவந்து வைத்தார். இரண்டு சுற்று வந்தது.