இன்னும் ஒரு வெயில்

தை அறுப்பு முடிந்து சம்பா நெல் முற்றத்தில் காயும். அப்பாயி நாலு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடிப்பார். நறுக்கென்று உடைந்தால் நெல் குதிருக்குப் போகும். நசுங்கினால், "இன்னும் ஒரு வெயில் காயட்டும்" என்பார்.

குதிர் கூடத்து மூலையில் நின்றது. களிமண்ணில் வைக்கோல் போட்டு மிதித்து, உறை உறையாகச் செய்து அடுக்கியது. நெல்லுக்கு இடையிடையே வேப்பிலையும் நொச்சித் தழையும் போடுவார்கள். நிரம்பியதும் வாயை மூடி மண் பூசிவிடுவார்கள். அடியில் ஒரு துளை. அதை அடைத்திருக்கும் வைக்கோல் பிரியை உருவினால் நெல் முறத்தில் சரியும். மேல்வாயைத் தொடவே வேண்டாம்.

பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் ரகுநாத நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 3,000 கலம் கொள்ளும். கலத்துக்கு 12 மரக்கால். விளைந்தது அடுத்த விளைச்சல் வரை நிற்க வேண்டும் என்ற அதே கவலைதான் எங்கள் வீட்டுக் குதிருக்கும்.

அடுப்படியும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. சம்பா அறுப்புக்கு முன்பே வயலில் தெளித்த உளுந்தும் பயறும் பங்குனியில் வீடு வந்து சேரும். சித்திரையில் புளியைக் கொட்டை நீக்கி, உப்பு வைத்துப் பானையில் அமுக்குவார்கள். மிளகாய் கையில் நொறுங்கும்வரை காயும். ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டியிருக்கும். அன்றாடம் கைபட்டது அஞ்சறைப்பெட்டியில் மட்டுமே.

ஆனால் எல்லா வீட்டிலும் குதிர் இருந்ததில்லை. கூலி நெல்லை அன்றைக்கே குத்தி உலை வைத்த வீடுகள் எத்தனையோ. நியாயவிலைக் கடையில் 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி கிடைப்பதை நினைக்கும்போது, பழைய காலத்தை அப்படியே திரும்பக் கேட்க எனக்கு மனம் வருவதில்லை. நெல் அவித்து, காயவைத்து, குத்திய பெண்களின் இடுப்புவலியும் அந்தக் காலத்தோடு சேர்ந்ததுதான்.

இன்று இயந்திரம் அறுத்த நெல் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. பல்லுக்குப் பதில் ஈரப்பதமானி. 17 சதவீதம் வரை எடுத்துக்கொள்வார்கள். நாள்பட இருப்பு வைக்க 14-க்குள் இறங்க வேண்டும். மழையில் அறுக்கும் குறுவையின் ஈர நெல்லைக் காக்க வழி தேடி 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் தொடங்கிய ஆய்வுதான், இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. அப்பாயி கடித்துப் பார்த்த அதே ஈரத்தைத்தான் அங்கேயும் அளக்கிறார்கள்.

என் அடுப்படியில் வரிசையாகக் கண்ணாடி டப்பாக்கள். பார்க்க அழகுதான். போன ஐப்பசி அடைமழையில் ஐந்து கிலோ உளுந்தில் வண்டு விழுந்தது. தப்பு டப்பாவில் இல்லை. தினமும் அதையே திறந்து, ஈரக் கையோடு அள்ளியது நான்.

புடைத்து, மொட்டைமாடியில் இரண்டு நாள் காயப்போட்டேன். வாரத்துக்கு வேண்டியது சின்ன டப்பாவில். மீதியைப் பெரியதில் இறுக மூடி மேலடுக்கில் வைத்தேன். மூடுவதற்கு முன் ஒரு பருப்பைக் கடித்துப் பார்த்தேன். நறுக்கென்று உடைந்தது.