மண் சொந்தம்! கணக்கு?

விடியற்காலையில் ஆலைக்குக் கிளம்பும் தொழிலாளியின் கையிலே ஆடுகிறதே தூக்குச்சட்டி, அது அலுமினியம். வீட்டிலே சோறு பொங்கும் குண்டான் அலுமினியம். தலைக்கு மேலே மின்சாரத்தைச் சுமந்து செல்லும் கம்பி அலுமினியம். ஏழையின் அடுப்படி தொடங்கி ஆகாய விமானம் வரையில் அந்த உலோகத்தின் ஆட்சிதான். ஆனால் அது எந்த மலையை வெட்டி எடுத்தது, வெட்டியவனுக்கு என்ன கிடைத்தது, வெட்டாதவனுக்கு என்ன கிடைத்தது என்று நாம் கேட்பதுண்டா?

கேட்கவேண்டும் என்கிறோம். கேட்கத் தெரிந்த ஒரு சின்னஞ்சிறு தீவின் கதையை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம். அந்தத் தீவின் பெயர் ஜமைக்கா. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்து வரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே அங்கு பெரும்பான்மையினர். 1962ல் விடுதலை பெற்ற நாடு.

புல் முளைக்காத நிலம்

1942ஆம் ஆண்டு. ஜமைக்காவின் வடபகுதியில், லிட்போர்டு என்ற இடத்திலே, ஆல்பிரட் டிகாஸ்டா என்ற செல்வருக்கு நிலம் இருந்தது. செக்கச் சிவந்த மண். அதிலே விளைச்சல் சரியாக இல்லை. என்ன குறையோ என்று மண்ணை ஆய்வுக்கு அனுப்பினார். மண்ணிலே அலுமினா மிகுந்திருக்கிறது என்று விடை வந்தது. புல்லுக்குப் பகையான மண், பொன்னுக்கு நிகரான மண்ணாயிற்று!

செய்தி பரவிற்று. அமெரிக்க, கனடா நாட்டுப் பெருநிறுவனங்கள் வந்து குவிந்தன. அப்போது ஆண்டது பிரிட்டிஷ் ஆட்சி. மண்ணுக்கடியில் உள்ள கனிமம் யாவும் முடியரசுக்கே உரியது என்று 1947ல் சட்டம் செய்துவிட்டது. 1952ல் முதல் கப்பல் பாக்சைட்டை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலகத்தின் முதன்மையான பாக்சைட் நாடாக ஜமைக்கா ஆகிவிட்டது.

தீவுக்குக் கிடைத்ததென்ன? டன்னுக்குச் சில்லறைக் காசு. 1957ல் நார்மன் மான்லியின் அரசு வாதாடி அதை உயர்த்திற்று. உயர்ந்த பிறகும், கப்பலில் போனது மலை; கையில் வந்தது மடு!

மரக்கால் அவனுடையது

ஏன் இந்த நிலை? தொழிலின் நுட்பத்தைக் கொஞ்சம் அறிந்தால்தான் சூட்சுமம் விளங்கும்.

பாக்சைட் பார்வைக்குச் செம்மண் போன்றது. அதைப் பொடித்து, காஸ்டிக் சோடாக் கரைசலில் கலந்து, அழுத்தத்திலே காய்ச்சுகிறார்கள். அலுமினா கரைந்து பிரிகிறது. பின்னர் வெண்மையான தூளாகக் கையில் கிடைக்கிறது. 1880களின் இறுதியில் கார்ல் ஜோசப் பேயர் என்ற ஆஸ்திரிய வேதியியல் அறிஞர் கண்ட வழி இது. இன்றும் அதே வழிதான். அந்த வெண்தூளை உருகிய உப்பிலே கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் அலுமினியம். ஏறத்தாழ 4 டன் பாக்சைட் 2 டன் அலுமினா ஆகும். 2 டன் அலுமினா 1 டன் அலுமினியம் ஆகும்.

எல்லாப் பாக்சைட்டும் ஒன்றல்ல. சிலிக்கா மிகுந்த மண், காஸ்டிக் சோடாவைத் தின்று தீர்க்கும், செலவு ஏறும். ஒருவகைக் கனிமம் 150 டிகிரி வெப்பத்திலேயே கரையும். மற்றொரு வகைக்கு 240 டிகிரி வேண்டும். ஆகவே ஒரு டன் மண்ணின் மதிப்பு, குவியலைப் பார்த்தால் தெரியாது. ஆய்வுக்கூடத்திலேதான் தெரியும். ஆய்வுக்கூடம் யாரிடம் இருந்தது? நிறுவனத்திடம்!

இன்னொரு சூட்சுமமும் உண்டு. அரிசிக்குச் சந்தை உண்டு, பருத்திக்குச் சந்தை உண்டு. அன்று பாக்சைட்டுக்கு அப்படியொரு திறந்த சந்தை இல்லை. ஜமைக்காவில் தோண்டியது ஒரு நிறுவனத்தின் கிளை. வாங்கியது அதே நிறுவனத்தின் தாய்க் கம்பெனி. இடக்கை விற்றது, வலக்கை வாங்கிற்று. விலை என்பது கணக்கேட்டிலே அவர்கள் எழுதிக்கொண்ட எண். அந்த எண்ணின் மீதுதான் தீவுக்கு வரி!

நம் உழவுத் தொழிலாளிக்கு இதை விளக்கவேண்டியதில்லை. களத்துமேட்டிலே நெல்லை அளப்பவன் பண்ணையாரின் ஆள், மரக்கால் பண்ணையாருடையது, கணக்கெழுதும் கணக்கப்பிள்ளை பண்ணையாரிடம் சம்பளம் வாங்குபவன். உழைத்தவன் துண்டை விரித்து நிற்பான். எத்தனை மரக்கால் விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. ஜமைக்கா ஒரு நாடாகவே அந்தத் துண்டை விரித்து நின்றது.

கேள்வி கேட்டவர்கள்

வெள்ளையர் கொடி இறங்கிப் பல்லாண்டு ஆயிற்று; கணக்கேடு மட்டும் வெளிநாட்டிலேயே இருந்தது. அதைப் படித்துப் பார்க்கவேண்டும் என்று எண்ணியவர்கள் மேற்கிந்தியத் தீவுகளின் பல்கலைக்கழகத்திலே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நார்மன் கெர்வன் என்ற பொருளாதார அறிஞர். கரீபியன் பாக்சைட் தொழிலைப் பற்றி 1967லேயே நூல் எழுதியவர். தோண்டுவது ஓரிடம், ஆதாயம் சேர்வது வேறிடம் என்பதைப் புள்ளிவிவரத்தோடு எடுத்துக்காட்டினார்.

1972ல் நார்மன் மான்லியின் மகன் மைக்கேல் மான்லி முதலமைச்சர் நிலையிலே, அதாவது நாட்டின் பிரதமராக, பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு எண்ணெய் விலை ஏறிற்று. தீவின் கருவூலம் தள்ளாடிற்று. அவர் கோபத்தோடு கோட்டைக் கதவைத் தட்டவில்லை. முதலில் கணக்குத் தெரிந்தவர்களைக் கூட்டினார். பொருளாதாரம் கற்றோர், சட்டம் கற்றோர், வணிகம் அறிந்தோர் சேர்ந்து உட்கார்ந்து உலக அலுமினியத் தொழிலையே பிரித்துப் பார்த்தார்கள்.

அவர்கள் கண்ட வழி எளிமையானது, அதனாலேயே வலிமையானது. பாக்சைட்டின் விலை மறைபொருளா? இருக்கட்டும். அலுமினியப் பாளத்தின் விலையை உலகமே அறியும். ஒரு டன் அலுமினியத்துக்கு இத்தனை டன் பாக்சைட் என்பதையும் அறிவோம். அப்படியானால் பாளத்தின் விலையிலே 7.5 விழுக்காடு எங்கள் மண்ணுக்கு! 1974ல் இதைச் சட்டமாக்கினார்கள். கள்ளக் கணக்குக்கு அங்கே இடமில்லை. எழுதிவைத்த எண்ணுக்கு வேலையில்லை.

விளைவு? ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கோடி அமெரிக்க டாலராக இருந்த வருவாய், அந்த ஓராண்டிலே 17 கோடியைத் தாண்டிற்று. சுரங்கத்தில் ஒரு கடப்பாரைகூடக் கூடுதலாக விழவேண்டியிருக்கவில்லை. கூடியது அறிவு ஒன்றுதான்!

அதே 1974ல் ஜமைக்கா, கயானா, சூரினாம், கினியா, சியரா லியோன், யூகோஸ்லாவியா, ஆஸ்திரேலியா ஆகிய 7 நாடுகள் சேர்ந்து பன்னாட்டுப் பாக்சைட் சங்கம் கண்டன. தலைமையகம் ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன். பின்னர் இரண்டு பெருநிறுவனங்களின் சுரங்கத் தொழிலிலே 51 விழுக்காட்டுப் பங்கையும் ஜமைக்கா அரசு வாங்கிற்று.

கசப்பையும் சொல்கிறோம்

இத்துடன் நிறுத்திவிட்டால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் தோழர்களிடம் பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது நம் வழக்கமல்ல.

நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. மூன்று அமெரிக்க நிறுவனங்கள் வாஷிங்டனில் உள்ள முதலீட்டுத் தகராறு மன்றத்துக்குப் போயின. ரெவியர் என்ற நிறுவனம் 1975ல் தன் அலுமினா ஆலையை மூடிற்று. அங்கே உழைத்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சங்கத்தில் சேர்ந்த கினியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும், சேராத பிரேசிலுக்கும் முதலீடு பாய்ந்தது. எண்ணெய் விலையும் உலகச் சந்தையின் சரிவும் சேர்ந்துகொண்டன. 1974ல் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டன் தோண்டிய ஜமைக்கா, 1985ல் அதில் பாதிக்கும் கீழே இறங்கிற்று. 1970களின் இறுதியிலேயே வரியைத் தளர்த்தவேண்டி வந்தது. பன்னாட்டுச் சங்கமும் 1990களில் கலைந்தது.

அப்படியானால் தோல்வியா? இல்லை என்போம். வரி ஏறும், இறங்கும். விலை ஏறும், இறங்கும். ஆனால் 1976ல் அந்நாடு நிறுவிய ஜமைக்கா பாக்சைட் ஆய்வு நிறுவனம் நின்று நிலைத்தது. கார்ல்டன் டேவிஸ் என்ற அறிவியலாளர் அதன் தலைமைப் பொறுப்பிலே இருந்து வளர்த்தார். மண்ணைச் சோதிப்பது, உலக விலையைக் கவனிப்பது, தோண்டிய நிலம் செப்பனிடப்படுகிறதா என்று பார்ப்பது, அரசு பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அருகிலே அமர்ந்து கணக்குச் சொல்வது ஆகியவை அதன் பணி. எதை, எப்போது, எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதற்கும் கணக்குத் தெரியவேண்டுமல்லவா? கணக்கு அறிந்து இறங்குவது பேரம். அறியாமல் இறங்குவது சரணாகதி.

சேறு பேசும் உண்மை

உழைப்பாளிக்கு இதிலே இன்னும் நெருக்கமான சங்கதி உண்டு. அலுமினா எடுத்தபின் மிஞ்சுவது செஞ்சேறு. காஸ்டிக் சோடாவின் காரம் அதிலே தங்கியிருக்கும். 2010 அக்டோபர் 4ஆம் நாள், ஹங்கேரி நாட்டின் அய்க்கா என்ற ஊரிலே செஞ்சேற்றைத் தேக்கிவைத்த கரை உடைந்தது. சேற்று வெள்ளம் பக்கத்து ஊர்களுக்குள் பாய்ந்தது. 10 பேர் மாண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் வெந்த தோலோடு மருத்துவமனைக்குப் போனார்கள். கரை தாங்குமா, சேற்றின் காரம் எவ்வளவு, தூசியிலே என்ன இருக்கிறது என்ற ஆய்வெல்லாம் படித்தவர்களின் பொழுதுபோக்கல்ல. கரைக்குக் கீழே குடிசை போட்டவனின் உயிர்!

நமக்கும் இதிலே அனுபவம் உண்டு. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் கிடைத்தது. மேட்டூரிலே அலுமினிய ஆலை எழுந்தது. இத்தாலி நாட்டு நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு 1965ல் உற்பத்தி தொடங்கிற்று. 2008ல் உற்பத்தி நின்றது. ஆலை ஓய்ந்தது, செஞ்சேறு மிஞ்சிற்று. அலுமினியத்துக்கென்றே 1989ல் நாகபுரியில் மத்திய அரசு ஆய்வு மையம் அமைத்தது. வரவேற்கிறோம். ஆனால் அந்த அறிவு மலையடிவாரத்துச் சிற்றூர் வரையில் வந்து சேர்ந்ததா என்று கேட்கிறோம்.

தொழில் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தூக்குச்சட்டியும் வேண்டும், மின்கம்பியும் வேண்டும். ஆனால் சுரங்கம் திறக்கும் இடத்திலெல்லாம் மூன்று கணக்குகள் மக்கள் முன் திறந்து கிடக்கவேண்டும்: மண்ணின் தரம் என்ன? விற்ற விலை என்ன? மிஞ்சிய சேறு எவ்வளவு, அது எங்கே? இந்த மூன்றையும் ஆய்ந்து சொல்லும் நிபுணன், முதலாளியிடம் மட்டும் சம்பளம் வாங்குபவனாக இருத்தல் ஆகாது. அரசுக்கென்று ஒருவன் வேண்டும். தொழிற்சங்கத்துக்கென்றும் ஒருவன் வேண்டும்.

தொழிலாளியின் வீட்டுப் பிள்ளை வேதியியல் படிக்கட்டும், பொருளாதாரம் படிக்கட்டும். களத்துமேட்டுக்குத் திரும்பி வரட்டும், கையிலே சொந்த மரக்காலோடு!