வெள்ளைக் கறைக்கு அழிரப்பர்!

குட்டீஸ்... காருக்கு மெழுகு பாலிஷ் போட்ட பின், பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைத் திட்டுகளைப் பார்த்திருக்கிறீர்களா?

பெயின்ட் அடித்த பகுதி வழவழப்பானது. துடைத்தால் மெழுகு வந்துவிடும். கறுப்பு பிளாஸ்டிக்கோ சொரசொரப்பானது. அதிலுள்ள நுண்ணிய குழிகளில் மெழுகு புகுந்து, காய்ந்து வெளுத்துவிடுகிறது. மெழுகு தண்ணீரில் கரையாது. எனவே, வெறும் தண்ணீரால் கழுவிப் பயனில்லை. கத்தியால் சுரண்டவே கூடாது. கறை போகும், கீறல் போகாது!

பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரை எடுங்கள். மெதுவாகத் தேயுங்கள். மென்மையான ரப்பர் குழிகளில் அழுந்தி, மெழுகைத் தன்னோடு ஒட்டி, துகளாக உதிர்க்கும்.

மிச்சத்துக்கு, சோப்பு நீரில் நனைத்த பழைய டூத் பிரஷ். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை மெழுகையும், மறுமுனை தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும்.

அப்பா, அம்மாவிடம் கேட்டுவிட்டு, முதலில் ஓர் ஓரத்தில் மட்டும் செய்து பாருங்கள்!