சட்டென்று கேட்கும் சொட்டு மருந்து

கண் சிவந்து, உறுத்தி, காலையில் இமைகள் பீளையால் ஒட்டிக்கொண்டால் நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே காரியம்தான் நடக்கும். ‘மெட்ராஸ் ஐ’ என்று குடும்பமே முடிவு கட்டிவிடும். யாராவது தெருமுனை மெடிக்கலுக்குப் போய், கண் சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து கேட்டு வாங்கி வருவார்கள். இரண்டு நாளில் சிவப்பு இறங்கிவிட்டால் அது நல்ல மருந்து. அடுத்த முறைக்கென்று அந்தக் குப்பி ஃப்ரிட்ஜ் கதவில் இடம்பிடித்துவிடும். இப்படி வாங்கும் மருந்தில் என்ன ஆபத்து என்று கேட்டால், அது கேட்காமல் போய்விடலாம் என்றுதான் பலரும் சொல்வார்கள். கேட்காத மருந்தால் பெரிய கேடு இல்லை, ஆள் தானாக டாக்டரிடம் போய்விடுவார். பயப்பட வேண்டியது சட்டென்று கேட்டுவிடும் மருந்துக்குத்தான்.

முதலில் மெட்ராஸ் ஐயையே எடுத்துக்கொள்வோம். 1819இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனையில் 1918இல் இந்தத் தொற்று கண்டறியப்பட்டதால் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். நோய் என்னவோ சென்னைக்கு மட்டும் உரியதல்ல. 1969இல் கானாவின் அக்ரா நகரில், வெள்ளை விழியில் ரத்தம் கட்டும் ஒரு வகை கொள்ளைநோயாகக் கிளம்பியபோது, மனிதன் நிலவில் கால் வைத்த வருஷம் என்பதால் அங்கே ‘அப்போலோ’ நோய் என்றார்கள். 1971இல் வங்கப் போர்க்கால அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்தபோது மேற்கு வங்கத்தில் அதற்கு ‘ஜாய் பாங்ளா’ என்று பெயராயிற்று. நம் ஊரில் அடிக்கடி வருவதற்கு அடினோ வைரஸும், ரத்தம் கட்டும் வகைக்கு எண்டரோ வைரஸ் குடும்பமும் காரணம். இரண்டையும் கொல்லும் சொட்டு மருந்து எதுவும் இன்று வழக்கமான சிகிச்சையில் இல்லை. எண்டரோ வகை ஏறக்குறைய ஒரு வாரத்திலும், அடினோ வகை இரண்டு மூன்று வாரத்திலும் தாமாகவே ஆறும். ஆன்டிபயாடிக் சொட்டு பாக்டீரியாவுக்கு உரியது. அந்தப் பாக்டீரியாத் தொற்றிலும்கூட, மருந்தே சேராத சொட்டு கொடுத்துப் பார்த்த சோதனைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு ஐந்து நாளுக்குள் குணமாகியிருக்கிறது. சாதாரணக் கண்வலியில் மருந்து வாங்கிக்கொள்ளும் நல்ல பெயரில் பெரும் பங்கு உடம்புக்குச் சேர வேண்டியது.

அப்படியானால் சில சொட்டுகள் மட்டும் ஒரே இரவில் சிவப்பை இறக்குவது எப்படி? அவற்றில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருப்பதால்தான். கண் சிவப்பதும் வீங்குவதும் கிருமி செய்கிற வேலை மட்டுமல்ல. கிருமியை எதிர்க்க உடம்பு ரத்தத்தையும் வெள்ளணுக்களையும் அங்கே அனுப்புவதன் அடையாளமும்தான். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறது. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடன் போய்விட்டான் என்று படுக்கப் போவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. சிவப்பு போய்விடும், கிருமி இருக்கும். அடினோ வைரஸ் என்றால் அது கண்ணில் தங்கும் நாள் நீண்டு, அடுத்தவருக்குத் தொற்றும் நாளும் நீளும். இதுவாவது பொறுத்துக்கொள்ளக்கூடியது. சிவப்புக்குக் காரணம் ஹெர்பிஸ் வைரஸாகவோ பூஞ்சையாகவோ இருந்தால், அதே சொட்டு கருவிழிப் புண்ணுக்குத் தீனி போட்டதாக ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இவை எல்லாமே ஒரே சிவப்புதான். எது எது என்று பிரித்துச் சொல்ல, புண்ணைப் பச்சையாக ஒளிரவைக்கும் ஒரு சாயமும், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியும் வேண்டும். மெடிக்கல் ஷாப்பின் கண்ணாடி மேஜைக்கு அப்பால் அவை இரண்டும் கிடையாது.

பூஞ்சையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் மண்ணின் நோய். கருவிழிப் புண் அமெரிக்காவில் அளந்து பார்த்த ஒரு பகுதியில் லட்சம் பேருக்கு வருஷம் 11 என்றால், 1990களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டத்தில் 113. மதுரையில் இந்தப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்த கட்டுரை 1997இல் வெளியானது. ஆய்வகத்தில் கிருமி வளர்ந்தவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்ட சரிபாதியாக இருந்தன. குளிர்நாடுகளின் பாடப்புத்தகத்தில் பூஞ்சைக்கு அந்த இடம் கிடையாது. மூன்றில் இரண்டு பேர், கண்ணில் ஏதோ பட்டது என்று சொல்லியிருந்தார்கள். நெல் அடிக்கும்போது தெறிக்கும் தூசு, கரும்புத் தோகை, முள், மாட்டின் வால் முடி என்று எது கருவிழியைக் கீறினாலும் மண்ணிலும் தாவரத்திலும் இருக்கும் ஃபுசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைகள் உள்ளே போக வழி கிடைத்துவிடுகிறது. இவற்றுக்கு மருந்து உண்டு. நாட்டமைசின் என்ற பழைய சொட்டு, புதிய மருந்தான வொரிகோனசோலைவிட மேல் என்று அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த பெரிய சோதனை 2013இல் காட்டியது. ஆனால் அதைத் தொடக்கத்திலேயே மணிக்கொரு தரம் விட ஆரம்பித்து வாரக்கணக்கில் தொடர வேண்டும். ஸ்டீராய்டு கலந்த சொட்டால் வலி அடங்கி, ‘சரியாகுது’ என்று ஒரு வாரம் போக்கியவருக்கு இழந்த அந்த ஒரு வாரம்தான் பார்வை.

கண்ணில் கீறல் பட்டவர்களை அடுத்து, இந்தச் சொட்டால் கெடும் இரண்டாவது கூட்டம் சிறுவர்கள். வெயில் நாட்டில் பள்ளி வயதுப் பையன்களுக்கு அதிகம் வரும் ஓர் ஒவ்வாமைக் கண்நோய் இருக்கிறது. தாங்க முடியாத அரிப்பு, நூலாக இழுபடும் பீளை, வெளிச்சம் பட்டால் கூச்சம். வருஷா வருஷம் வரும், பெரும்பாலும் வாலிப வயதில் விட்டுப்போகும். இதற்கு ஸ்டீராய்டு அருமையாகக் கேட்கும். அதுதான் வினை. டாக்டர் பத்து நாளைக்கு எழுதிய சீட்டை வைத்துப் பெற்றோர் இரண்டு வருஷம் வாங்குவார்கள். பிறகு சீட்டும் தேவைப்படாது, பழைய குப்பியைக் காட்டினால் போதும். ஸ்டீராய்டு சொட்டைத் தொடர்ந்து விட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கண்ணின் உள்ளழுத்தம் ஓரளவு ஏறும். நூற்றுக்கு ஐந்து பேர் போல மிக அதிகமாக ஏறும். வலி இல்லை, சிவப்பும் இல்லை. பார்வை ஓரத்திலிருந்து மெல்லக் குறுகிக்கொண்டு வருவதைக் குழந்தை சொல்லாது, அதற்குத் தெரியவும் தெரியாது. கூடவே கண்புரையும் வரலாம். புரையை அறுவை செய்து எடுத்துவிடலாம். அழுத்தத்தால் போன நரம்பை எந்த மருத்துவமனையாலும் திருப்பித் தர முடியாது. அரிப்புக்காக மருந்து விட்ட பையன் வாழ்நாள் முழுக்கப் பார்வையிழந்து நிற்பதைவிட அநியாயமான கணக்கு வேறு என்ன இருக்கிறது?

‘டாக்டரும் அதே ஸ்டீராய்டைத்தானே எழுதுகிறார்?’ என்பது நியாயமான கேள்வி. எழுதுகிறார்தான். அடினோ வைரஸ் கருவிழியில் புள்ளி புள்ளியாகத் தழும்பு விட்டுப் பார்வை மங்கினால் அவருக்கும் அது தேவைப்படும். ஆனால் புண் இல்லை என்று பார்த்த பிறகு எழுதுகிறார், அழுத்தத்தை அளக்கிறார், படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார். மருந்து ஒன்றுதான், சுற்றியிருக்கும் காவல் வேறு. டாக்டர்களையும் முழுதாக விட்டுவிடுவதற்கில்லை. வைரஸ் என்று தெரிந்தும், ஒன்றும் எழுதாவிட்டால் நோயாளி மனக்குறைப்படுவார் என்று ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ‘இதற்கு மருந்து வேண்டாம், குளிர்ந்த ஒத்தடம் போதும்’ என்று சொல்பவருக்கும் ஃபீஸ் கொடுக்கிற மனம் நமக்கு வந்தால் அது குறையும். டாக்டரிடம் நாம் வாங்கப் போவது காரணத்தை; சொட்டு அதற்குப் பிறகுதான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: ஒவ்வொரு கண் சிவப்புக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியுமா? வேண்டியதில்லை என்பதே பதில். கண்ணில் எதுவும் படாமல், பார்வை தெளிவாக இருந்து, உறுத்தலும் நீரும் பீளையும் மட்டும் என்றால் சில நாள் வீட்டில் பொறுத்திருக்கலாம். பார்வை மங்கினால், உறுத்தல் என்ற நிலை தாண்டி நிஜமான வலி இருந்தால், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாவிட்டால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றே போக வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர், பிறந்த குழந்தை, தலைவலியும் வாந்தியுமாகக் கண் சிவந்த பெரியவர் ஆகியோருக்கும் காத்திருப்பு கூடாது. சுண்ணாம்போ ஆசிட்டோ தெறித்தால் வண்டி தேடுவதற்கு முன்பே குழாயடியில் கால்மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவியாக வேண்டும். வயலில் கண்ணைக் கீறிக்கொண்டவரும் அன்றே போக வேண்டியவர்தான். நேபாளத்தின் பக்தபூரில் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் அனுப்பிவைத்தவர்களில் இப்படிக் கீறல் பட்ட 442 பேருக்கு, அங்கிருந்த கண் மையங்களில் மூன்று நாள் சாதாரண குளோராம்ஃபெனிகால் களிம்பு போட்டார்கள். கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. மலிவான மருந்துதான், சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் கிடைத்தது.

கடை மருந்தைக் கண்டித்தால் சிலர் கைவைத்தியத்துக்குத் தாவிவிடுவார்கள். மூடிய இமைமேல் நந்தியாவட்டைப் பூவை வைத்துக்கொள்வதில் கேடில்லை, குளிர்ச்சிக்கு நல்லதுதான். தாய்ப்பாலையும் இலைச் சாற்றையும் கண்ணுக்குள் விடுவது வேறு விஷயம். அவை கிருமி நீக்கியவை அல்ல. புண்பட்ட கருவிழிமேல் விழுந்தால் புதுத் தொற்று வரலாம். தொழிற்சாலையில் அடைத்த சொட்டிலேயே கிருமி கலந்தால் என்ன ஆகும் என்பதை 2023இல் அமெரிக்கா பார்த்தது. சென்னை நிறுவனம் ஒன்று தயாரித்த செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபடுத்தப்பட்ட தொற்றில் 4 பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள். கறுப்புக் கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை: நோயாளியின் கண்ணைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது பொய், அந்தக் கண்ணாடி கூச்சத்துக்குத்தான் உதவும். பரப்புவது கை. துண்டு, தலையணை உறை, கதவுப்பிடி, போன் எல்லாம் அதற்கு உடந்தை. அடினோ வைரஸ் இவற்றின்மேல் நாள்கணக்கில் உயிரோடிருக்கும். தனித் துண்டும் சோப்பும் செய்கிற வேலையை எந்தச் சொட்டும் செய்யாது.

ஸ்டீராய்டு சொட்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, விற்பனையும் நடக்கிறது. கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, கேட்பவர் நாம். வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கும் குப்பியை இன்றைக்கே எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். டெக்ஸாமெதாசோன், பெட்டாமெதாசோன், ப்ரெட்னிசோலோன், லோட்டெப்ரெட்னால், ஃப்ளூரோமெத்தலோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு. டாக்டர் இப்போது விடச் சொல்லியிருந்தால் நாள் தவறாமல் விடுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்; பழைய மிச்சம் என்றால் குப்பையில் போடுங்கள்.