லிட்டருக்கு ஒரு கிராம்

அடுத்த வீட்டுப் பையன் ஒரு பாட்டிலோடு வந்து நின்றபோது நான் கட்டன்சாயா ஆற்றிக்கொண்டிருந்தேன். பாட்டிலுக்குள் ஒரு கோல்டு ஃபிஷ். வாலிலும் செவுள் மூடியிலும் ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். நிமிடத்துக்கொரு தடவை கண்ணாடியில் விலாவை உரசியது.

"மாமா, உப்பு போட்டா சரியாயிரும்னு சொன்னாவ. கடல்ல மீனு உப்புலதானே கெடக்கு?"

"இரி மக்ளே" என்றேன். நல்ல கேள்வி அது.

குளச்சல் கரையில் வந்திறங்கும் சாளையும் அயிலையும் வாழ்வது லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள நீரில். அவற்றின் ரத்தத்திலோ அதில் மூன்றில் ஒரு பங்கு உப்புதான். அதனால் கடல் அவற்றின் உடம்பு நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். அவையும் கடல்நீரைக் குடித்துக் குடித்து, மிஞ்சும் உப்பைச் செவுள் வழியே தள்ளும். தொட்டி மீனுக்கு இது தலைகீழ். ரத்தத்தில் உப்பு, வெளியே வெறும் நல்ல தண்ணீர். தண்ணீர் ஓயாமல் உள்ளே கசியும். ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் கோருவதுபோல மீன் அதை ஓயாமல் சிறுநீராக வெளியேற்றும். நோய் தோலைத் துளைத்தால் ஓட்டை பெரிதாகிறது, கோருகிற கை தளர்கிறது. தண்ணீரில் கொஞ்சம் உப்பு கலந்தால் கசிவு குறையும். உப்பின் முதல் உதவி இந்த ஓய்வுதான்.

இரண்டாவது உதவி, அந்த வெள்ளைப் புள்ளிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீது. இறால் பண்ணைகளை வாட்டிய வெள்ளைப்புள்ளி ஒரு வைரஸ்; இது வேறு, ஒரு செல் உயிரி. தோலுக்கடியில் புதைந்திருக்கும்வரை உப்பு அதைத் தொடாது. முற்றி உதிர்ந்து, தொட்டியின் அடியில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் சாகும். அதனால்தான் இரண்டு நாளில் புள்ளி மறைந்தாலும் நிறுத்தக் கூடாது. பத்துப் பன்னிரண்டு நாள் வேண்டும்.

அளவு? கை நிறைய அள்ளிப் போடுவதை நான் ஒப்பவே மாட்டேன். முதலில் கால்பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். பாதி நோய்க்கு அழுக்குத் தண்ணீரே காரணம். பிறகு லிட்டருக்கு ஒரு கிராம். அவனுடைய இருபது லிட்டர் தொட்டிக்கு 20 கிராம், மளிகைக்கடைத் தராசில் நிறுத்தது. அரை நாள் கழித்து இன்னொரு 20, மறுநாள் இன்னொரு 20. அதற்கு மேல் வேண்டாம். புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு போதும். அயோடின் கலந்த தூளுப்பானாலும் பயமில்லை, அதிலுள்ள அயோடின் மிகச் சொற்பம். எதுவானாலும் மக்கில் கரைத்து, மெல்ல ஊற்ற வேண்டும். முன்பு ஒருமுறை கல்லாகவே போட்டேன். அடியில் கிடந்த லோச் மீன் அதன்மேல் படுத்து, விலா வெந்துபோய்ச் செத்தது. லோச், கோரிடோரஸ் கெளுத்தி வகைகளுக்குப் பாதி அளவே அதிகம். தொட்டிச் செடிகளும் வாடும்.

வயிறு வீங்கிச் செதில் சிலிர்த்து நிற்கும் மீனை இந்த உப்பு குணப்படுத்தாது. அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது கேட்டான்: "தண்ணி வத்தினா திரும்ப உப்பு போடணுமா?"

வேண்டாம். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே கிடக்கும். வெறும் தண்ணீர் விட்டு நிரப்பினால் போதும். ஒரு வாளி எடுத்து மாற்றினால் மட்டும், அந்த வாளிக்குரிய உப்பு.